கிம்மிக்!: சேமிக்க வழியில்லாத ஒரு விளையாட்டின் வரலாறு

கிம்மிக்! என்பது ஜப்பானின் சன்சாஃப்ட் நிறுவனம் 1992 ஜனவரி 31 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட நிகழ்பட விளையாட்டு ஆகும். மேடைக்கு மேடை தாவி, பள்ளங்களைக் கடந்து, எதிரிகளை வென்று முன்னேறும் பிளாட்பார்ம் வகையைச் சேர்ந்தது இது. வெளிவந்தபோது அதிகம் விற்கவில்லை. அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. இன்றோ ஃபேமிகாமின் மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்றாகப் பலர் இதை மதிக்கின்றனர்.

இந்த விளையாட்டில் முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. மின்கலச் சேமிப்பும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. கருவியை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். மறுநாள் முதல் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். இது அக்காலத் தொழில்நுட்பத்தின் குறையா, வேண்டுமென்றே செய்த வடிவமைப்பா, இந்த விளையாட்டு மறக்கப்பட்டதற்கும் பின்னர் போற்றப்பட்டதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சேமிப்பு எப்படி வந்தது?

நிகழ்பட விளையாட்டுகள் வீட்டுக்கு வருவதற்கு முன் நாணயம் போட்டு ஆடும் ஆர்கேடு கூடங்களில் வளர்ந்தன. அங்கே சேமிப்புக்கு வேலையில்லை. ஆட்டம் சில நிமிடங்களில் முடிய வேண்டும், அடுத்தவர் நாணயம் போட வேண்டும் என்பதே வணிகம். மூன்று உயிர்கள், உயர் மதிப்பெண் பட்டியல், தோற்றால் மறுபடி முதலிலிருந்து என்ற இலக்கணம் அங்கே உருவானதுதான். பிளாட்பார்ம் வகைக்கு வித்திட்ட 1981ஆம் ஆண்டின் டாங்கி காங் இப்படிப்பட்ட ஓர் ஆர்கேடு ஆட்டமே.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் விற்பனைக்கு வந்தபோது இந்த இலக்கணமும் கூடவே வீட்டுக்குள் நுழைந்தது. ஃபேமிகாமின் விளையாட்டுகள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த சில்லுகளில் விற்கப்பட்டன. தமிழ்நாட்டில் பின்னாளில் விற்ற நகல் கருவிகளின் பெட்டிகளை நம்மவர்கள் 'கேசட்' என்று அழைத்தது போலவே, ஜப்பானியரும் இவற்றைக் கேசட் என்றே அழைத்தனர். கேசட்டுக்குள் இருந்தது படிக்க மட்டுமே கூடிய நினைவகம். தொழிற்சாலையில் பதித்ததைக் கருவி படிக்கும். அதில் புதிதாக எதையும் எழுத முடியாது. கருவிக்குள் இருந்த 2 கிலோபைட் வேலை நினைவகம் மின்சாரம் நின்ற நொடியில் வெறுமையாகிவிடும்.

வீட்டில் ஆடுபவருக்கு நேரம் உண்டு. ஆகவே ஆட்டங்கள் நீளமாயின. நீளமானதும் சேமிப்பு தேவைப்பட்டது. இதற்கு மூன்று வழிகள் பிறந்தன.

முதலாவது, வட்டு. 1986 பிப்ரவரி 21 அன்று ஃபேமிகாமுக்கான டிஸ்க் சிஸ்டம் என்ற இணைப்புக் கருவியும், அதே நாளில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்ற விளையாட்டும் வெளியாகின. காந்த வட்டில் எழுத முடியும் என்பதால் ஆட்டக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

இரண்டாவது, கடவுச்சொல். 1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் ஆட்டக்காரரின் நிலையை 20 ஜப்பானிய எழுத்துகளாக மாற்றித் திரையில் காட்டியது. அதைத் தாளில் எழுதி வைத்து மறுநாள் உள்ளிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இது 52 எழுத்துகள் வரை நீண்டது. மங்கலான தொலைக்காட்சித் திரையில் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் பல உண்டு. 'ண'வை 'ன' என்று படித்தது போன்ற ஒரு பிழை போதும். பல நாள் உழைப்பு பாழாகிவிடும்.

மூன்றாவது, மின்கலம். கேசட்டுக்குள் எழுதக்கூடிய சிறிய நினைவகத்தையும், அதை உயிரோடு வைத்திருக்க நாணய வடிவ லித்தியம் மின்கலத்தையும் வைப்பது. 1987இல் அமெரிக்காவில் செல்டா கேசட்டாக வெளியானபோது இந்த முறையில்தான் வந்தது. அப்போதும் ஒரு சடங்கு தேவைப்பட்டது: ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அணையும் கணத்தில் தவறான தகவல் எழுதப்பட்டுச் சேமிப்பு கெடக்கூடும்.

இந்த மூன்று வழிகளும் முதலில் கதைசார்ந்த நீண்ட விளையாட்டுகளுக்கே பயன்பட்டன. பிளாட்பார்ம் விளையாட்டுகள் பெரும்பாலும் ஆர்கேடு மரபிலேயே தொடர்ந்தன. 1988இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 எட்டு உலகங்கள் கொண்ட பெரிய விளையாட்டு. அதிலும் சேமிப்பு இல்லை. பதிலாக உலகங்களைத் தாண்டிச் செல்ல உதவும் மாய ஊதல்களை அதில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1990இல் சூப்பர் ஃபேமிகாமுடன் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில்தான் மரியோ தொடரின் முதன்மை ஆட்டம் ஒன்று மின்கலச் சேமிப்பைப் பெற்றது.

சேமிப்பற்ற காலத்தின் ஒரு விளைவை இன்றும் காணலாம். அக்கால விளையாட்டுகளின் முதல் கட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசிக் கட்டத்தைக் கண்டவர் சிலரே. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்கினால், முதல் கட்டத்தை நூறு முறையும் கடைசிக் கட்டத்தை ஒரு முறையும் ஆடுவதே இயல்பு. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதும், மின்வெட்டும், மறுநாள் பள்ளியும் பல பயணங்களைப் பாதியில் நிறுத்தின. கருவியை அணைக்காமல் தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவைப்பது பல நாட்டுச் சிறுவர்கள் தாமாகவே கண்டுபிடித்த சேமிப்பு முறை.

சன்சாஃப்ட்

சன்சாஃப்ட், ஜப்பானின் ஐச்சி மாநிலத்தைச் சேர்ந்த சன் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு. 1980களின் பிற்பகுதியில் ஃபேமிகாமின் திறனைப் பிழிந்தெடுப்பதில் இந்நிறுவனம் பெயர் பெற்றது. 1988இல் வந்த பிளாஸ்டர் மாஸ்டர், ஹாலிவுட் படத்தைத் தழுவிய பேட்மேன், 1990இல் வந்த ஜர்னி டு சைலியஸ் ஆகியவை படத்தின் நேர்த்திக்கும் இசைக்கும் இன்றும் பேசப்படுகின்றன.

இவற்றில் பிளாஸ்டர் மாஸ்டர் கவனிக்கத்தக்கது. பரந்து விரிந்த, முன்னும் பின்னும் சென்று தேட வேண்டிய உலகம் அது. ஆனால் சேமிப்பும் கடவுச்சொல்லும் அதிலும் இல்லை. எண்ணிக்கை வரையறுத்த தொடர் வாய்ப்புகள் மட்டுமே உண்டு. அதை முடிக்க ஒரே அமர்வில் பல மணி நேரம் உட்கார வேண்டும். ஆட்டத்தின் நீளத்துக்கும் சேமிப்பின்மைக்கும் பொருத்தமில்லாததால் அங்கே இது வெளிப்படையான குறை. கிம்மிக்கின் நிலை வேறு என்பதைக் கீழே காணலாம்.

பிறப்பும் நோக்கமும்

1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் வெளியானது. அதன்பின் ஆட்டக்காரர்களின் கண்களும் நிறுவனங்களின் பணமும் புதிய கருவியின் பக்கம் திரும்பின. பழைய ஃபேமிகாமுக்கு ஒரு புதிய விளையாட்டைப் பெரும் உழைப்பில் செய்வது வணிகக் கணக்குக்கு ஒத்துவராத காலம் அது.

அந்நேரத்தில்தான் இயக்குநர் டோமோமி சக்காய், பழைய கருவியிலேயே புதிய கருவியின் தரத்துக்கு ஈடான ஒன்றைச் செய்வதை இலக்காகக் கொண்டார். சிறிய குழுவொன்று, அக்கால ஃபேமிகாம் விளையாட்டுகளுக்கு வழக்கமானதைவிட நீண்ட காலம் இதற்காக உழைத்தது. அதன் பயனை அசைவில் காணலாம். சரிவான தரையில் பாத்திரம் சறுக்கும். ஓடி வந்து நின்றால் உடனே நிற்காமல் சிறிது தூரம் வழுக்கும். எறிந்த பொருள் சரிவுக்கு ஏற்ப வேகம் மாறிக் குதித்துச் செல்லும். சுமார் 1.79 மெகாஹெர்ட்சு வேகமும் 2 கிலோபைட் வேலை நினைவகமும் கொண்ட ஒரு கருவியில் இத்தகைய இயக்கக் கணக்குகளைத் தடங்கலின்றி ஓட்டுவது எளிதன்று.

கதையும் ஆடும் முறையும்

ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் பரிசாகப் பொம்மை ஒன்று கிடைக்கிறது. உண்மையில் அது பொம்மையன்று, பொம்மைகளிடையே தவறுதலாக வந்து சேர்ந்த யுமேதாரோ என்ற உயிருள்ள குட்டிப் பிராணி. யுமே என்ற ஜப்பானியச் சொல்லுக்குக் கனவு என்று பொருள். பச்சை நிறம், உருண்டை வடிவம், தலையில் ஒற்றைக் கொம்பு. சிறுமியின் அன்பு முழுவதும் புதியவன் மேல் திரும்ப, பழைய பொம்மைகள் பொறாமை கொள்கின்றன. அவை சிறுமியை வேறோர் உலகத்துக்குக் கடத்திச் செல்கின்றன. யுமேதாரோ அவளை மீட்கப் புறப்படுகிறான். குழந்தைக் கதையின் தோற்றம் இவ்வளவுதான். உள்ளே இருப்பது மிகக் கடினமான விளையாட்டு.

யுமேதாரோவிடம் ஒரே ஓர் ஆயுதம் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் மெல்ல உருவாகும். விட்டால் அது சாய்வாகப் பாய்ந்து தரையிலும் சுவரிலும் மோதிக் குதித்தபடி செல்லும். ஒரு நேரத்தில் ஒரு நட்சத்திரம்தான். அது மறைந்த பிறகே அடுத்ததை உருவாக்க முடியும். உருவாகச் சற்று நேரமும் ஆகும். எனவே எதிரியைக் கண்டவுடன் சுட முடியாது. எங்கே மோதி எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே கணித்து எறிய வேண்டும். கேரம் பலகையில் காயைப் பக்கச் சட்டத்தில் மோதவிட்டு அடிப்பவருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

அந்த நட்சத்திரம் ஆயுதம் மட்டுமன்று, வாகனமும் ஆகும். எறிந்துவிட்டு, அது குதித்துச் செல்லும்போதே அதன் மேல் தாவி ஏறி நின்று பயணம் செய்யலாம். சாதாரணத் தாவலில் எட்டாத உயரங்களை இப்படித்தான் எட்ட முடியும். விளையாட்டு இதை எங்கும் சொல்லித் தருவதில்லை. ஆட்டக்காரர் தற்செயலாக ஒருமுறை நட்சத்திரத்தின் மேல் விழுந்து, அது தன்னைச் சுமந்து செல்வதைக் கண்டு வியந்து, பிறகு அதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கருவியைக் கையில் கொடுத்து, அதன் பயன்களை ஆடுபவரே கண்டறியச் செய்வதுதான் இதன் வடிவமைப்பின் சாரம்.

எதிரிகளும் வழக்கமான வகையில் ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடப்பவர்கள் அல்லர். சிலர் துரத்துவார்கள், சிலர் தப்பி ஓடுவார்கள், சரிவுகளில் யுமேதாரோவைப் போலவே தாமும் வழுக்குவார்கள். இதனால் ஒரே கட்டத்தை இரண்டாம் முறை ஆடும்போதும் அதே நிகழ்வுகள் அதே வரிசையில் நடப்பதில்லை.

ஆறு பொக்கிஷங்கள்

கிம்மிக்கில் ஆறு கட்டங்கள் உள்ளன. அவற்றை முடித்தால் ஒரு முடிவு வரும். ஆனால் அது உண்மையான முடிவன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொக்கிஷம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆறையும் திரட்டியவருக்கு மட்டுமே மறைவான இறுதிக் கட்டம் திறக்கும். அதை வென்றால்தான் சிறுமியை மீட்டு வர முடியும்.

பொக்கிஷங்கள் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் நட்சத்திரச் சவாரியைத் துல்லியமாகச் செய்தால் மட்டுமே எட்டக்கூடியவை. ஒரு முறை தவறினால் உயிர் போகக்கூடும். உயிர்கள் எல்லாம் தீர்ந்தால், அக்கால வழக்கப்படி 'கன்டினியூ' கொடுத்துத் தொடரலாம். இங்கேதான் இந்த விளையாட்டின் கடுமையான விதி வருகிறது: கன்டினியூ கொடுத்தால் அதுவரை திரட்டிய பொக்கிஷங்கள் பறிபோகும். அதாவது உண்மையான முடிவைக் காண விரும்புபவர், முதல் கட்டத்திலிருந்து இறுதி வரை ஒரே ஓட்டமாக, கன்டினியூ பயன்படுத்தாமல், ஆறு பொக்கிஷங்களையும் எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும்.

சேமிப்பு ஏன் இல்லை?

செலவுதான் காரணம் என்பது எளிதில் தோன்றும் விடை. மின்கலமும் கூடுதல் நினைவகமும் ஒவ்வொரு கேசட்டின் விலையையும் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் கடவுச்சொல்லுக்குச் சில்லும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். 1992க்குள் கடவுச்சொல் அதிரடி விளையாட்டுகளிலும் சாதாரணமாகிவிட்டிருந்தது. 1988இன் மெகா மேன் 2 அதற்குச் சான்று.

கிம்மிக்குக்கு எவ்வளவு தகவலைச் சேமிக்க வேண்டியிருந்திருக்கும்? ஆறு பொக்கிஷங்களில் எவை கையில் உள்ளன என்பதற்கு ஆறு பிட். எந்தக் கட்டம் என்பதற்கு மூன்று பிட். மொத்தம் ஒன்பது. 32 குறியீடுகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து இரண்டே குறியீடுகளைத் தேர்ந்தால் 1,024 நிலைகளைக் குறிக்கலாம்; நமக்குத் தேவை 512. டிராகன் குவெஸ்டின் 52 எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே சேமிப்பு இல்லாததற்குத் தொழில்நுட்பத்தையோ செலவையோ முழுக் காரணமாகக் கொள்ள முடியாது.

இன்னொரு கோணத்தில் பார்த்தால் விடை தெளிவாகிறது. கன்டினியூ கொடுத்தாலே பொக்கிஷம் போய்விடும் என்று விதித்த விளையாட்டு, கடவுச்சொல் கொடுத்தால் அந்த விதியைத் தானே உடைத்துவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கடவுச்சொல்லைக் குறித்துக்கொண்டு, தோற்றால் கருவியை அணைத்துவிட்டு அதே பொக்கிஷங்களோடு மறுபடி வந்துவிடலாமே! சேமிப்பும் அந்த விதியும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது. மேலும் வழி தெரிந்தவருக்குக் கிம்மிக் ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடியது. பிளாஸ்டர் மாஸ்டரைப் போல ஒரு நாள் முழுவதும் கேட்கும் பயணமன்று இது. ஒரே அமர்வில் அரங்கேறும் கச்சேரி போன்றது. பாட்டின் நடுவில் தவறினால் அந்த இடத்திலிருந்து மட்டும் திருத்திப் பாடுவது கச்சேரி ஆகாது, அது பயிற்சி. கிம்மிக் ஆட்டக்காரரிடம் கேட்டது கச்சேரியை.

ஆனால் இந்தக் கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. கச்சேரி பாடுமுன் பயிற்சி செய்ய ஓரிடம் வேண்டாமா? ஐந்தாம் கட்டத்தில் தடுமாறும் ஒருவர் அந்தக் கட்டத்தைப் பழக வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் முந்தைய நான்கையும் கடந்து வர வேண்டும். பொறுமையும் நேரமும் உள்ளவர்களே தாங்கக்கூடிய கட்டணம் அது. பொக்கிஷமின்றிக் கட்டத்தை மட்டும் குறிக்கும் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்திருந்தால், விதியும் காக்கப்பட்டிருக்கும், பழகவும் வழி கிடைத்திருக்கும். அதைச் செய்யாததை இந்த விளையாட்டின் குறையாகவே கருத வேண்டும்.

இசையும் தனிச் சில்லும்

ஃபேமிகாமின் ஒலிப்பகுதி ஐந்து தடங்கள் கொண்டது: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு ஒலிமாதிரித் தடம். இது போதாது என்று கருதிய நிறுவனங்கள் கேசட்டுக்குள்ளேயே கூடுதல் ஒலிச்சில்லை வைத்தன. சன்சாஃப்டின் 5பி என்ற சில்லு மேலும் மூன்று தடங்களைத் தந்தது. அந்த ஒலியைப் பயன்படுத்தி வெளிவந்த ஒரே விளையாட்டு கிம்மிக் தான்.

இசையமைத்தவர் மசாஷி ககேயாமா. ஜாஸ் சாயல் கொண்ட மெட்டுகளும், அடிநாதமாக ஓடும் துடிப்பான பேஸ் ஒலியும், அடுக்கடுக்கான இசைவுகளும் கேட்பவருக்கு இது ஓர் எட்டு பிட் கருவியிலிருந்து வருகிறது என்பதை மறக்கச் செய்யும். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவேண்டிய விளையாட்டில் இசை சலிக்காமல் இருப்பது அலங்காரமன்று, தேவை. தோற்றவர் மறுபடி முதல் கட்டத்துக்கு வரும்போது அந்த மெட்டு அவரை வரவேற்பதாகவே இருக்கிறது. ககேயாமா பின்னர் விளையாட்டுத் துறையை விட்டு விலகினார். பல ஆண்டுகள் கழித்தே தன் இசையை உலகெங்கும் பலர் கேட்கிறார்கள் என்ற நிலை உருவானது.

தோல்வி

கிம்மிக் தவறான நேரத்தில் வந்தது. 1992இல் கடைக்குப் போன ஜப்பானியச் சிறுவனின் கண் சூப்பர் ஃபேமிகாமின் மேல் இருந்தது. ஃபேமிகாமிலேயே நின்றவர்களில் பலர் சிறு குழந்தைகள். அட்டையில் இருந்த குட்டிப் பச்சை உருவம் அவர்களைக் கவர்ந்தாலும், உள்ளே இருந்த கடினம் விரட்டியது. கடினமான ஆட்டத்தை விரும்பிய பெரியவர்களுக்கோ அட்டைப்படம் குழந்தைகளுக்கானதாகத் தெரிந்தது. உருவமும் உள்ளடக்கமும் வெவ்வேறு ஆட்களை அழைத்தன.

ஒப்பீட்டுக்கு ஒன்றைச் சொல்லலாம். கிம்மிக் வெளியாகி மூன்று மாதங்களுக்குள், 1992 ஏப்ரலில், கேம் பாய் கருவியில் இன்னோர் உருண்டை நாயகன் வந்தான்: கிர்பி. தொடங்குபவரும் முடிக்கக்கூடிய எளிமை அதன் கொள்கை. 1993இல் அதே ஃபேமிகாமில் வந்த கிர்பியின் அடுத்த விளையாட்டு மின்கலச் சேமிப்போடு வந்தது. கிர்பி உலகப் புகழ் பெற்றான், யுமேதாரோ மறைந்தான். பின்னாளில் பார்ப்பவர்கள் யுமேதாரோவைக் கிர்பியின் நகல் என்று எண்ணுவதும் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை.

அமெரிக்க வெளியீடு திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது. 1993இல் 'மிஸ்டர் கிம்மிக்' என்ற பெயரில் ஸ்காண்டினேவிய நாடுகளில் மட்டும் வெளியானது. அங்கும் ஓர் இழப்பு காத்திருந்தது. ஃபேமிகாமின் கேசட் இணைப்பில் கூடுதல் ஒலி கடந்து செல்ல வழி இருந்தது. வெளிநாடுகளில் விற்ற என்.இ.எஸ். கருவியின் கேசட் இணைப்பில் அந்த வழி நீக்கப்பட்டிருந்தது. ஆகவே ககேயாமாவின் மூன்று கூடுதல் தடங்கள் இல்லாமல், மெலிந்த இசையோடுதான் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டனர். மிகக் குறைவாகவே விற்ற அந்தக் கேசட்டுகள் இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகின்றன.

மறுவாழ்வு

1990களின் இறுதியில் பழைய கருவிகளைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் மென்பொருட்கள் பரவின. ஜப்பானுக்கு வெளியே கிம்மிக்கைப் பெரும்பாலோர் அறிந்தது அவற்றின் வழியாகவே. அவற்றுடன் ஒரு புதிய வசதியும் வந்தது: ஆட்டத்தின் எந்தக் கணத்தையும் அப்படியே உறையவைத்துப் பின்னர் மீட்டெடுப்பது. ஃபேமிகாமின் வேலை நினைவகம், பட நினைவகம், செயலியின் நிலை அனைத்தும் சேர்ந்து சில கிலோபைட்டுகளே. அவற்றை ஒரு கோப்பில் நகலெடுத்தால் யுமேதாரோ அந்தரத்தில் தாவிய நிலையிலேயே நிற்பான். விளையாட்டை உருவாக்கியவர்கள் தராத சேமிப்பை, விளையாட்டுக்குத் தெரியாமலே வெளியிலிருந்து தந்தது இந்த உத்தி.

இதன் பயனாகத்தான் பலர் இறுதிக் கட்டத்தை முதன்முறையாகக் கண்டனர். அதைக் கண்டவர்கள் எழுதினர், இசையைப் பகிர்ந்தனர், ஒரே ஓட்டத்தில் முடித்துக் காட்டும் போட்டிகளில் இறங்கினர். 2002இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கான தொகுப்பு ஒன்றில் மறுபடி வெளியானது. 2023 ஜூலையில் 'கிம்மிக்! ஸ்பெஷல் எடிஷன்' என்ற பதிப்பு, தற்காலக் கருவிகளுக்கும் கணினிக்கும் உலகெங்கும் வெளியானது. 31 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முறைப்படிக் கிடைத்த முதல் கிம்மிக் இதுவே. இதில் எந்தக் கணத்திலும் சேமிக்கலாம். தவறினால் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டவும் செய்யலாம். கூடவே, நேரம் கணக்கிட்டு ஓடி உலகப் பட்டியலில் இடம்பிடிக்கும் முறையும் உண்டு. பயிற்சிக்கும் கச்சேரிக்கும் தனித்தனி இடம் அமைந்துவிட்டது.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கும்போது, நட்சத்திரத்தின் மேல் ஏறிப் பள்ளத்தைக் கடக்கும் அந்த நொடியின் படபடப்பு குறைந்துவிடுகிறது. போவது ஒன்றுமில்லை என்றால் பெறுவதன் எடையும் குறைகிறது. ஆயினும் யாரும் எட்டிப் பார்க்காத இறுதிக் கட்டத்தைவிட, எளிதாக்கியாவது பலர் கண்ட இறுதிக் கட்டம் மேலானது என்பதே வரலாறு தரும் விடை. பழைய முறையில் ஆட விரும்புபவரை யாரும் தடுக்கவில்லை. சேமிப்புப் பொத்தானைத் தொடாமல் இருந்தால் போதும்.

மதிப்பீடு

மின்கலம் வைத்த அக்காலக் கேசட்டுகள் இன்று வேறொரு சிக்கலைச் சந்திக்கின்றன. லித்தியம் மின்கலம் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் தாங்கும். அதன்பின் சேமித்தவை அழியும். 1980களில் ஒரு சிறுவன் செல்டாவில் தன் பெயரிட்டுக் காத்துவைத்த பயணம், பெட்டிக்குள் கிடந்தபடியே ஒரு நாள் சத்தமின்றி மறைந்துபோயிருக்கும். கிம்மிக் கேசட்டுக்கு அந்தக் கவலை இல்லை. எதையும் காக்காத அது இழப்பதற்கும் எதுவும் இல்லாதது; இன்று ஒரு ஃபேமிகாமில் செருகினால் 1992இல் எப்படித் தொடங்கியதோ அப்படியே தொடங்கும்.

கிம்மிக்கின் வரலாறு, ஒரு விளையாட்டின் தரமும் அதன் வெற்றியும் ஒன்றல்ல என்பதைக் காட்டுகிறது. கருவியின் காலம் முடியும் வேளையில் வந்தது, தோற்றத்துக்கும் கடினத்துக்கும் இருந்த பொருத்தமின்மை, வெளியீட்டின் குறுகிய எல்லை, பழக இடம் தராத கண்டிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து அதை மறைத்தன. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள், அதிலே இல்லாத சேமிப்பை வெளியிலிருந்து கொடுத்து, பொறுமையாக இறுதி வரை ஆடிப் பார்த்த சாதாரண ஆட்டக்காரர்களே.